ரூன் எழுத்தில் ஆங்கிலம்: ஸ்பெல்லிங்கை மறந்துவிட்டு ஆரம்பியுங்கள்

என் மச்சான் ஒரு மரப்பெட்டி செய்து, சுத்தி, ஸ்பேனர், திருப்புளி எல்லாவற்றையும் அதில் போட்டு வைத்திருந்தான். நான் வைக்கிங் கதைகளில் விழுந்து கிடந்த காலம் அது. ரூன் என்பது வட ஐரோப்பாவில் அந்தக் காலத்து ஆட்கள் மரத்திலும் கல்லிலும் கோடு கோடாகச் செதுக்கிய பழைய எழுத்து. "மூடியில 'டூல் பாக்ஸ்'னு ரூன் எழுத்துல சூடு போட்டுத் தர்றேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். சால்டரிங் அயர்னைக் காயவைத்து, மரம் கருகும் வாசனையோடு, ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் சுட்டேன். ரூன்களில் அச்சு அசல் 'எக்ஸ்' மாதிரியே ஒன்று இருக்கிறது. அடடா, ரொம்ப வசதி என்று கடைசியில் அதைப் போட்டு முடித்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அது எக்ஸ் இல்லை, 'கோல்டு' என்று சொல்லும்போது வரும் 'க' அது. ஆக மூடியில் நான் எழுதியிருந்தது பி, ஓ, ஜி. பிரிட்டிஷ்காரர்கள் பேச்சுவாக்கில் கக்கூசுக்குச் சொல்லும் வார்த்தை.

புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்புதான் இது. ஒரு அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு ஏ-க்கு நேராக ஏ, பி-க்கு நேராக பி என்று மாற்றிக்கொண்டே போவது. இணையத்தில் கிடைக்கிற 'ரூன் கன்வெர்ட்டர்'களில் பெரும்பாலானவையும் இதைத்தான் செய்கின்றன. ரூன்களைச் செதுக்கியவர்களுக்கு ஸ்பெல்லிங் என்று ஒன்று கிடையாது, காதில் விழுந்ததைச் செதுக்கினார்கள், ஒரே சொல்லை ஊருக்கு ஊர் வேறு மாதிரிகூட எழுதினார்கள். இந்த விஷயத்தில் தமிழ் எழுதுகிறவர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. கத்தியை ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் எழுதச் சொன்னால் 'நைஃப்' என்றுதான் எழுதுவீர்கள், முன்னால் ஒரு 'க்' போட மாட்டீர்கள். சின்ன வயதிலிருந்து ஆங்கில வார்த்தைகளை நாம் ஒலியை வைத்துத்தானே தமிழில் எழுதி வருகிறோம். அதே வேலைதான் இங்கேயும், எழுத்து மட்டும் வேறு.

சரி, முதலில் எந்த ரூன் என்று முடிவு செய்யுங்கள். ரூன் என்றால் ஒரே ஒரு வரிசை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பழைய வரிசையில் 24 எழுத்துகள், கி.பி. 2ஆம் நூற்றாண்டிலிருந்து 8ஆம் நூற்றாண்டு வரை புழங்கியது. முதல் ஆறு எழுத்துகளின் ஒலியைச் சேர்த்து இதற்கு 'ஃபுதார்க்' என்று பெயர், நாம் அகரவரிசை என்று சொல்வது மாதிரி. டென்மார்க்கின் ஃபூன் தீவில், வீமோசெ சதுப்பு நிலத்தில் கிடைத்த ஒரு சீப்பில் 'ஹர்யா' என்று செதுக்கியிருக்கிறது. கி.பி. 160 வாக்கைச் சேர்ந்தது, இந்த எழுத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. அடுத்தது புதிய ஃபுதார்க், 16 எழுத்துகள்தான். கப்பலேறிப் போய்க் கொள்ளையடித்த வைக்கிங்குகள் எழுதியது இதைத்தான். டாட்டூ கடைகளில் 'வைக்கிங் எழுத்து' என்று காட்டுகிற 24 எழுத்து வரிசை, வைக்கிங் காலம் சூடுபிடிப்பதற்குள் வழக்கொழிந்துவிட்டது. மூன்றாவதாக, இங்கிலாந்தில் குடியேறியவர்கள் தங்கள் மொழிக்காக எழுத்துகளைக் கூட்டிக்கொண்டே போன வரிசை ஒன்று. அதில் 28-லிருந்து 33 வரை இருக்கும், லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் திமிங்கில எலும்புப் பேழையில் அதைப் பார்க்கலாம். ஆங்கிலத்துக்கு அதுதான் நெருக்கம், ஆனால் நீங்கள் நார்ஸ் ரூனை, அதாவது வைக்கிங்குகள் பேசிய மொழியின் ரூனைத் தேடி வந்திருக்கிறீர்கள், அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன். என் யோசனை: பழகுவதற்கு 24 எழுத்து வரிசை, கை பழகிய பிறகு 16. இரண்டையும் ஒரே சொல்லில் மட்டும் கலக்காதீர்கள். கலந்தால் என்ன ஆகும் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, எழுத வேண்டிய சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு முறை, மெதுவாக. பிறகு அதைத் தமிழில் எழுதுங்கள். ஆமாம், தமிழில்தான். பேசாத எழுத்துகள் எல்லாம் அங்கேயே உதிர்ந்துவிடும். 'நைஃப்', 'குயீன்', 'தர்ஸ்டே', 'ஃபிரெண்ட்'. இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் க-வுக்கு ஒரு எழுத்து, அது 'கிங்'குக்கும் வரும் 'கோல்டு'க்கும் வரும். 24 எழுத்து வரிசையில் இரண்டுக்கும் தனித்தனி ரூன். ட, ப விஷயத்திலும் இதே கதை. அதனால் அழுத்திச் சொல்கிற 'கோல்டு', 'டோர்', 'பால்' மாதிரியான ஒலிகளுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோடு இல்லாமல் நேராக ரூனுக்குப் போனால், 'டென்' என்று பத்தை எழுதுகிறீர்களா, புலியின் குகையை எழுதுகிறீர்களா என்று உங்களுக்கே தெரியாது.

இப்போது ஏதாவது ஒரு நல்ல அட்டவணையைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 1999-லிருந்தே ரூன்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதனால் கைபேசியிலேயே வரும். 'ரூன் ஃபான்ட்' என்று சொல்லி, ஆங்கில எழுத்தைத் தட்டினால் ரூன் வடிவம் காட்டும் ஃபான்ட்களைத் தொடாதீர்கள், அவை என்னை மாதிரி ஆட்களை உருவாக்குவதற்கென்றே இருப்பவை. அட்டவணையைப் பார்க்கும்போது கண்ணை ஏமாற்றுகிற எழுத்துகளை முதலில் வட்டம் போட்டு வையுங்கள். ஒவ்வொரு ரூனுக்கும் ஒரு பெயர் உண்டு. எக்ஸ் மாதிரி இருப்பது கெபோ, சொன்னேனே, அழுத்திய க. ஆங்கில 'பி'யைக் கூராக்கியது போல, உச்சியில் ஒரு முக்கோணக் கொடி கட்டிய கோல் வுன்யோ, அது 'வாட்டர்' என்று உதடு குவித்துச் சொல்லும் வ. அதே முக்கோணம் கோலின் நடுவில் முள் மாதிரி நின்றால் அது துரிசாஸ், 'திங்க்', 'திஸ்' இரண்டுக்கும் வரும் ஒலி. 'எம்' மாதிரி இருப்பது எஹ்வாஸ், ஒலி எ. உண்மையான ம, அதாவது மன்னாஸ், இரண்டு கோல்கள் நடுவே பெருக்கல் குறி போட்டது போல இருக்கும். 'எஃப்'பின் கைகள் இரண்டும் கீழே தொங்கினால் அன்சுஸ், அது அ. மேலே தூக்கியிருந்தால் ஃபெஹு, அதுதான் ஃப. இந்த ஆறு ஏழை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மற்றவை பெரும்பாலும் பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும்: ஒற்றைக் கோடு இசாஸ், அது இ. மேல்நோக்கிய அம்புக்குறி தீவாஸ், 'டென்'னில் வரும் ட. மின்னல் வெட்டு சோவிலோ, ஸ.

'நைஃப்' எழுதிப் பார்ப்போம். ந, அ, இ, ஃப. நௌதிஸ், அன்சுஸ், இசாஸ், ஃபெஹு. நாலே எழுத்து, முடிந்தது. இந்தச் சொல்லை நான் வேண்டுமென்றேதான் எடுத்தேன். இது ஆங்கிலத்துக்கே நார்ஸ் மொழியிலிருந்து போன சொல். அங்கே முன்னால் இருக்கும் 'க்'கை வாயால் சொன்னார்கள், 'க்னீஃப்ர்' என்று. ஆங்கிலேயன் சொல்வதை விட்டுவிட்டு எழுதுவதை மட்டும் வைத்துக்கொண்டான். ஆகவே இன்றைய உச்சரிப்பு வேண்டுமா, பழைய உச்சரிப்பு வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். பழகுவதற்கு இப்படிப்பட்ட சொற்களே நல்லது: ஸ்கை, எக், ஸ்கின், லெக், வின்டோ எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான். வின்டோ என்றால் 'காற்றின் கண்' என்று பொருள், நம் சாளரத்துக்குக்கூட இவ்வளவு அழகான பொருள் இருக்குமா தெரியவில்லை.

எழுத்தே இல்லாத ஒலிகளுக்கு என்ன செய்வது? 'குயீன்' சுலபம்: க, வ, இ, ந. 'எக்ஸ்' என்பது க-வும் ஸ-வும். 'சி' என்ற எழுத்து கிடையாது, ஒலியைப் பார்த்து க அல்லது ஸ. 'சீஸ்', 'ஷிப்', 'ஜாம்' இந்த மூன்றும்தான் தொல்லை. நான் கடைப்பிடிக்கிற வழி, இன்றைய ஸ்வீடிஷ்காரர்களிடமிருந்து எடுத்தது: அவர்கள் ஷ மாதிரி ஒலிகளை ஸ-வுக்குப் பின்னால் ய-வைப் போட்டும், ட-வுக்குப் பின்னால் ய-வைப் போட்டும்தான் எழுதுகிறார்கள். அதனால் ஷிப் என்றால் ஸ, ய, இ, ப. சீஸ் என்றால் ட, ய, இ, ஸ. ஜாம் என்றால் அழுத்திய ட, ய, அ, ம. ய-வுக்கான ரூன் யேரா, ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு மடங்கிய முழங்கை மாதிரி இருக்கும். இது வரலாற்று விதி எதுவும் இல்லை, ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான்.

கீழுதட்டைப் பல் தொடுகிற ஆங்கில 'வி'க்கு மட்டும் பழைய ஆதாரமே இருக்கிறது. சொல்லின் நடுவில் இந்த ஒலி வந்தால் நார்ஸ்காரர்களும் பழைய ஆங்கிலேயர்களும் ஃப-வைத்தான் போட்டார்கள். 'லவ்' என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் ல, உ, ஃப, உ. எனவே லவ் எழுத ல, உ, ஃப போதும், பத்துக்கு ஒன்பது பேர் எழுதும் ல, ஓ, வ, எ-யைவிட இது எவ்வளவோ மேல்.

உயிர் ஒலிகளில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஆங்கிலத்தில் உயிர் ஒலிகள் கணக்கு வழக்கில்லாமல் இருக்கின்றன, இங்கே அ, இ, உ, எ, ஒ ஐந்துதான் உருப்படியாகக் கைக்கு வரும். ஆறாவதாக ஐவாஸ் என்று ஒன்று உண்டு, அதன் ஒலி என்னவென்று ஆய்வாளர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். குறில் நெடில் வித்தியாசம் எழுத்தில் இல்லை. 'டைம்' ட, அ, இ, ம. 'ஹவுஸ்' ஹ, அ, உ, ஸ. 'வாட்டர்' கடைசியில் வருகிற அந்த மங்கலான ஒலிக்கு அ போட்டாலும் சரி, எ போட்டாலும் சரி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை மாற்றாமல் எழுதுங்கள்.

இரட்டை எழுத்தை ஒருமுறை மட்டும் எழுத வேண்டும். இது பழைய வழக்கம், இன்று அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. 'பாஸ்', 'கிராஸ்' என்று எழுதும்போது மின்னல் மாதிரி இருக்கும் சோவிலோவை இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் போட்டால், நாஜிகளின் எஸ்.எஸ். படைச் சின்னம் மாதிரியே நிற்கும். ஜெர்மனியில் அதைக் காட்டிக்கொண்டு திரிவது சட்டப்படி குற்றம். வேறு சில ரூன்களையும் அந்தக் கும்பல் எடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறது, ஓ-வுக்கான ஓதலா அதில் முக்கியமானது. சொல்லுக்குள் எழுத்தாக வந்தால் தவறில்லை, தனியாக ஒரு ரூனை மட்டும் உடம்பில் பச்சை குத்திக்கொள்வதற்கு முன்னால் நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒவ்வொரு ரூனுக்கும் 'சக்தி', 'பலன்' என்று சொல்லி விற்கிற கல் பைகளில் எழுத்தே இல்லாத வெற்று ரூன் ஒன்று வரும் பாருங்கள், அது 1980-களில் புறப்பட்ட சரக்கு.

இனி 16 எழுத்து வரிசை. இங்கேதான் தமிழ் தெரிந்தவனுக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். மொழியில் ஒலிகள் கூடிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் எழுத்துகளைக் குறைத்தார்கள். எப்படிக் குறைத்தார்கள் என்றால், இரண்டு க-வுக்கும் ஒரே எழுத்து, இரண்டு ட-வுக்கும் ஒரே எழுத்து, இரண்டு ப-வுக்கும் ஒரே எழுத்து. நாம் இடத்தைப் பார்த்து ஒலியைத் தெரிந்துகொள்வது போல, அவர்களும் படிக்கிறவன் புரிந்துகொள்வான் என்று விட்டுவிட்டார்கள். முன்னால் பென்சிலால் போட்ட கோடுகளை எல்லாம் இப்போது அழித்துவிடலாம். எ-வும் பெரும்பாலும் இ-க்குள் அடங்கும், ஒ-வும் வ-வும் உ-வுக்குள் அடங்கும்.

டென்மார்க்கில் யெல்லிங் என்ற ஊரில் ஒரு பெரிய கல் இருக்கிறது. ஹரால்ட் என்ற அரசன் தன் அப்பா கோர்ம், அம்மா தூரா இருவரின் நினைவாக 965 வாக்கில் நிறுத்தியது. அதில் 'கோர்ம்' என்ற பெயர் தொடங்குவதும், அரசன் என்று பொருள்படும் 'கோனுங்ர்' தொடங்குவதும் ஒரே எழுத்தில்தான், தமிழில் நான் இங்கே எழுதியிருக்கிற மாதிரியே. அந்தச் சொல்லின் நடுவில் வரும் 'ங்' ஒலியை எழுதவே இல்லை, 'குனுக்ர்' என்று இருக்கிறது. க, ட, ப-வுக்கு முன்னால் வரும் மூக்கொலியை இப்படி விழுங்குவது அவர்களுக்குச் சகஜம். அதைப் பின்பற்றினால் 'கிங்' என்பது க, இ, க. 'ஃபிரெண்ட்' என்பது ஃப, ர, இ, ட. புரியாமல் போகும் என்று பயந்தால் ந-வைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சேர்த்து எழுதிய கற்களும் இருக்கின்றன. இதே ஹரால்டின் பட்டப்பெயர்தான் புளூடூத். கைபேசியில் இருக்கும் அந்தச் சின்னத்தை உற்றுப் பாருங்கள், ஆறு கால் நட்சத்திரம் மாதிரியான ஹ-வும், ப-வும் ஒரே கோலில் ஒட்டிக்கொண்டு நிற்பது தெரியும். இரண்டுமே இந்த 16 எழுத்து வரிசையைச் சேர்ந்தவை.

குழப்பம் தாங்காமல் 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள்: புள்ளி வைத்தார்கள். க-வுக்குப் புள்ளி வைத்தால் அழுத்திய க, இ-க்குப் புள்ளி வைத்தால் எ. நம் புள்ளி உயிரை எடுக்கும், அவர்களுடையது ஒலியை மாற்றும். ஆங்கிலம் எழுத இது நல்ல வசதி, தேவைப்படுகிற இடத்தில் மட்டும் வையுங்கள்.

இரண்டு வரிசையையும் கலக்காதீர்கள் என்றேனே, அதற்குக் காரணம் இதுதான்: கையிரண்டையும் தூக்கி நிற்கிற ஆள் மாதிரி ஒரு ரூன் 24-இல் சொல் கடைசியில் வரும் 'இஸட்' ஒலி, 16-இல் அதே வடிவம் ம. அந்த ஆளைத் தலைகீழாகப் போட்டால் 16-இல் அது சொல் கடைசியில் வரும் ஒரு தனி ர, பழைய இஸட் தேய்ந்து ர-வாகிக்கொண்டிருந்த ஒலி. ழ வருகிற பெயர்களுக்கு நான் அந்த எழுத்தைத்தான் போடுகிறேன். ஆதாரம் எதுவும் கேட்காதீர்கள், ழ-வை ஆங்கிலத்தில் இஸட், ஹெச் என்று எழுதியதற்கு மட்டும் என்ன ஆதாரம் இருக்கிறது?

பெயர் என்று சொன்னதால் இன்னொன்று. கார்த்திக், கீதா என்று நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது டி, ஹெச் போடுகிறோம். அதைப் பார்த்துத் துரிசாஸைப் போட்டுவிடாதீர்கள். அது நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் நீட்டிக் காற்றை விடுகிற ஆங்கில ஒலி. நம் த-வுக்கு அம்புக்குறிதான் பொருத்தம்.

எழுதும் விதம். சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கும் இரட்டைக்கோடு நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். செங்குத்துக் கோல்கள் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோடு வரை முழுசாக வர வேண்டும், கிளைகள் எல்லாம் சாய்வு. படுக்கைக்கோடு வேண்டவே வேண்டாம். மரத்தில் படுக்கையாகக் கீறினால் அது நாரோடு சேர்ந்து மறைந்துவிடும், மரமும் பிளக்கும், ரூன்கள் இந்த வடிவத்துக்கு வந்ததற்குச் சொல்லும் காரணமும் அதுதான். நம் ஓலையில் எழுத்து உருண்டதற்கும் இப்படி ஒரு காரணம் சொல்வார்கள். செதுக்கும்போது எல்லாக் கோல்களையும் முதலில் கீறிவிட்டுப் பிறகு கிளைகளுக்கு வாருங்கள், இடைவெளி சீராக வரும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வெற்றிடம் விடாமல் முக்காற்புள்ளி மாதிரி இரண்டு புள்ளி வையுங்கள்.

முதல் வாக்கியமாக என்ன எழுதலாம்? செதுக்கியவர்களே வழி காட்டியிருக்கிறார்கள். டென்மார்க்கில் காலெஹுஸ் என்ற இடத்தில் 1734-இல் கிடைத்த தங்கக் கொம்பில், இன்னார் ஆகிய நான் இந்தக் கொம்பைச் செய்தேன் என்று எழுதியிருந்தது. 1802-இல் ஒரு திருடன் அதைத் தூக்கிக்கொண்டு போய் உருக்கிவிட்டான், படம் வரைந்து வைத்திருந்ததால் வாசகம் தப்பியது. அந்த மாதிரியே 'ரவி ஓன்ஸ் திஸ் நைஃப்' என்று எழுதுவோம். 24-இல்: ரைதோ, அன்சுஸ், வுன்யோ, இசாஸ், இரண்டு புள்ளி, ஓதலா, நௌதிஸ், சோவிலோ, இரண்டு புள்ளி, துரிசாஸ், இசாஸ், சோவிலோ, இரண்டு புள்ளி, நௌதிஸ், அன்சுஸ், இசாஸ், ஃபெஹு. ரவியில் ஏன் ஃப போடவில்லை என்றால், நம் வ-வில் பல் உதட்டை அவ்வளவாகத் தொடுவதில்லை. 16-இல் எழுதும்போது அந்த வ-வும் ஓன்ஸின் ஓ-வும் உ ஆகும், மற்றவை அப்படியே, வடிவங்களை மட்டும் அந்த அட்டவணையிலிருந்து எடுங்கள். எழுதி முடித்து, ஒரு நாள் கழித்து, ஆங்கிலத்தைப் பார்க்காமல் ரூனை மட்டும் வைத்துப் படித்துப் பாருங்கள். தடுமாறாமல் வாசித்தால் கத்திப்பிடிக்குப் போகலாம், இல்லையென்றால் இன்னும் ரெண்டு பக்கம் நோட்டிலேயே ஓட்டுங்கள்.

மச்சானுடைய பெட்டிக்கும் போன வாரம் ஒரு வழி பிறந்தது. 24 எழுத்து வரிசையில் அழுத்தாத க, அதாவது கௌனன், வலப்பக்கம் வாய் திறந்த ஒரு கோணம், அவ்வளவுதான். எக்ஸின் இடப்பாதியை அழித்தால் மிஞ்சுவது அதேதான். உப்புத்தாளை மடித்து அந்தப் பாதியை மட்டும் தேய்த்தேன், பக்கத்தில் ஒரு மின்னல் போட இடமும் இருந்தது. இப்போது ப, ஒ, க, ஸ. தேய்த்த இடத்தில் மரம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. கேட்டால் வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம்.